பாலையா செய்த இரண்டு கச்சேரிகள்

எங்கள் வீட்டு டிவியில் கச்சேரிக் காட்சி வந்தால் பெரியப்பா முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். வீணை என்றால் இடது கை, மிருதங்கம் என்றால் தொப்பி என்கிற இடது பக்கம், வாய்ப்பாட்டு என்றால் தொடை. பாடுகிறவர் தொடையில் போடும் தாளம் பாட்டோடு போகிறதா, அது பாட்டுக்கு வேறு ஊருக்குப் போகிறதா என்று கவனிப்பார். பெரும்பாலும் வேறு ஊருக்குத்தான் போகும். “ஆதி தாளத்துல ஆரம்பிச்சு ஈ ஓட்டுறதுல வந்து நிக்கிறான் பாரு” என்பார்.

எண்பதுகளின் கடைசி. மாயவரத்தில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் இலங்கை ரூபவாஹினியும் வரும், அது வேறு கதை. பெரியப்பா தபால் ஆபீசில் இருந்தார். பாடத் தெரியாது, எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் யார் கச்சேரி என்றாலும் சைக்கிளை எடுத்துவிடுவார். நான் அப்போது மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தேன். நான்கு வருடம் கற்று, எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டேன். விட்ட காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, கிரிக்கெட். இருந்தாலும் அந்த நான்கு வருடத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் பெரியப்பாவுக்கு அடுத்து தீர்ப்பு சொல்லும் உரிமை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளிலிருந்து இன்றுவரை பழைய படங்களில் கச்சேரிக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு முடிவுக்கும் வந்திருக்கிறேன். தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த சங்கீத வித்வான் நடிகர் டி.எஸ். பாலையா.

சிரிக்க வேண்டாம். நிஜமாகவே மேடையில் பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமி இல்லையா, ஜி.என்.பி. என்கிற ஜி.என். பாலசுப்பிரமணியம் இல்லையா, தண்டபாணி தேசிகர் இல்லையா என்று கேட்பீர்கள். எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நான் சொல்வது கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கிற விஷயம்.

பேசும் படம் வந்த முதல் பத்துப் பதினைந்து வருடங்களில் சினிமாக்காரர்கள் நேராகச் சபா வாசலுக்கே போய் ஆள் பிடித்தார்கள். பாடத் தெரியாதவர் கதாநாயகனாக முடியாத காலம். 1935இல் வந்த ‘நந்தனா’ரில் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1938இல் முசிறி சுப்பிரமணிய ஐயர் துக்காராம். 1940இல் நாகஸ்வர சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை காளமேகப் புலவர். அதே வருடம் ஜி.என்.பி. துஷ்யந்தன், எம்.எஸ். சகுந்தலை. ஒரு டிசம்பர் சீசனின் நிகழ்ச்சி நிரலையே திரையில் ஏற்றிய மாதிரி இருக்கும்.

ஆரம்பத்தில் பாட்டும் படமும் ஒரே நேரத்தில் பதிவாகும். நடிக்கிறவரே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். மைக் எட்டும் தூரத்துக்குள்தான் நடமாட்டம். நடுவில் காக்கை கத்தினால் முதலிலிருந்து பாட வேண்டும். இந்த நிலையில் ஒரு மனிதர் கையைக் காலை எப்படி ஆட்டுவார்? நட்டு வைத்த மாதிரி நின்று பாடுவார். அதைக் குறையாகச் சொல்ல மனம் வருவதில்லை.

ஆனால் இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மேடையில் பாடும் வித்வானைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது வாயை ஒரு பக்கமாகக் கோணுவார். ஒருவர் இல்லாத கயிற்றைப் பிடித்து இழுப்பார். ஒருவர் பிடில்காரரை ஒரு பார்வை பார்ப்பார், அதில் “இதை வாசி பார்க்கலாம்” என்று இருக்கும். நல்ல சங்கதி விழுந்ததும் தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளும் தலையாட்டு ஒன்று உண்டு. பொன்னாடையை இழுத்து விட்டுக்கொள்வது, வெற்றிலையை ஒதுக்கிக்கொள்வது, தம்பூராக்காரப் பையனை முறைப்பது. இந்தச் சேட்டைகளும் சேர்ந்ததுதான் கச்சேரி. வித்வான்கள் சினிமாவுக்கு வந்தபோது, ராஜா வேஷமும் முனிவர் வேஷமும் போட்டுக்கொண்டு, இந்தச் சேட்டைகளை எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். முகத்தை அழகாக வைத்துக்கொண்டு பாடினார்கள். குரல் வித்வானுடையது, உடம்பு யாரோ விருந்தாளியுடையது. ஜி.என்.பி.யும் எம்.எஸ்.ஸும் சேர்ந்து பாடும் ‘பிரேமையில் யாவும் மறந்தேனே’வைப் பாருங்கள். காதுக்குத் தேன். கண்ணுக்கு, இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறார்கள்.

எம்.எஸ்.ஸுக்கு மட்டும் ‘மீரா’வில் (1945) இந்தக் கணக்கு தப்பிப்போகிறது. அங்கே அவர் நடிக்கிறாரா என்பதே கேள்வி இல்லை. அந்தக் கண்களை வெறுமனே திறந்து வைத்திருந்தாலே போதும். அதை எடுத்த எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். ‘சகுந்தலை’யும் ‘காளமேக’மும் அவர் எடுத்தவைதான். அவருடைய முதல் தமிழ்ப் படம் 1936இல் வந்த ‘சதி லீலாவதி’. எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் என்று எல்லாரும் சொல்வார்கள். பாலையா அறிமுகமானதும் அதே படத்தில்தான், அதைச் சொல்ல ஆளில்லை.

சரி, பாலையாவுக்கு வருவோம். வருவதற்கு முன்னால் தொண்டை முகத்தை விட்டுப் பிரிந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

1938இல் ஏவி.எம். எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் என்பவர் பின்னணி பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கேதான் தொடங்கியது என்பார்கள். அடுத்த ஏழெட்டு வருடங்களில் இது எவ்வளவு தூரம் போயிற்று என்றால், 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ ஓடத் தொடங்கிய பிறகு, கதாநாயகி ருக்மிணியின் பாட்டுகளை எடுத்துவிட்டு, பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து ஒலியை மாற்றி ஒட்டினார்கள். ஓடுகிற படத்தில் தொண்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்! இந்த இரண்டு படங்களிலும் சொந்தக் குரலில் பாடி நடித்த ஒருவர் உண்டு. ‘நந்தகுமா’ரில் பாலகனாக அறிமுகமாகி, ‘ஸ்ரீவள்ளி’யில் முருகனாக வந்த டி.ஆர். மகாலிங்கம். அவரைச் சுற்றி எல்லார் தொண்டையும் மாறிக்கொண்டிருந்தபோது அவர் தொண்டை மட்டும் அவரிடமே இருந்தது.

அந்த மகாலிங்கம்தான் 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் பாணபத்திரர்.

இந்தப் படத்தின் அந்த ஒரு பகுதியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. கதை எல்லாருக்கும் தெரியும். ஹேமநாத பாகவதர் என்று ஒரு பெரிய வித்வான் பாண்டியன் அவைக்கு வருகிறார், தன்னை வெல்ல ஆள் உண்டா என்கிறார். அரசன் பாணபத்திரரைப் பாடச் சொல்கிறான். பயந்துபோன பாணபத்திரர் சொக்கநாதரிடம் போய் அழுகிறார். சொக்கநாதர் விறகு விற்கிறவராக வந்து, பாகவதர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடி, அவரை ஊரை விட்டே ஓட வைக்கிறார்.

ஒரு சின்னப் பகுதிக்குள் மூன்று பாடகர்கள். மகாலிங்கம் தன் குரலிலேயே ‘இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை’ பாடுகிறார். சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன். பாலையாவுக்குப் பாலமுரளி கிருஷ்ணா. நாடக மேடையிலிருந்து வந்த பாடும் நடிகர், நடிகருக்காகவே தன் குரலைத் தீட்டிக்கொண்ட பின்னணிப் பாடகர், கச்சேரி மேடையிலிருந்து வந்த வித்வான். முப்பது வருடத் தமிழ் சினிமாப் பாட்டு மொத்தமும் ஒரு பாண்டிய ராஜா சபைக்குள் உட்கார்ந்திருக்கிறது. படத்தை எடுத்த ஏ.பி. நாகராஜன் இதை நினைத்தா செய்திருப்பார்? கையில் கிடைத்த நல்ல ஆட்களைப் போட்டிருப்பார், அவ்வளவுதான். ஆனாலும் அமைந்துவிட்டது.

இதில் ஆக ஆபத்தான வேலை பாலையாவுடையது. டி.எம்.எஸ். பாடும்போதே சிவாஜிக்கு ஏற்ற மாதிரி குரலை வளைத்துக் கொடுத்துவிடுவார். பாலமுரளி வளைத்துக் கொடுக்கவில்லை. அவர் பாலமுரளியாகவே பாடியிருக்கிறார். மூன்று ஸ்தாயியிலும் வழுக்கிக்கொண்டு ஓடும் குரல் அது. பாலையாவின் பேச்சுக் குரலோ கரகரவென்று, ஒவ்வொரு சொல்லையும் மென்று துப்பும் குரல். பேசி முடித்த வாய் பாட ஆரம்பிக்கும்போது யாருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘ஒரு நாள் போதுமா’ என்று அந்த மாண்டு ராகத்தில் எடுத்ததும் நாம் நம்பிவிடுகிறோம்.

எப்படி நம்பவைத்தார் என்றால், வித்வான்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்த சேட்டைகளை எல்லாம் இந்த மனிதர் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். பாட்டில் கண்ணதாசன் ராகத்தின் பெயர்களைச் சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். ‘தர்பாரில்’ என்று வரும் இடத்தில் ராகம் தர்பார். ‘எழுந்தோடி’ என்றால் தோடி. அப்புறம் மோகனம், கானடா. ஒவ்வொரு பெயர் வரும்போதும் ராகம் மாறுகிறது. பாலையாவின் முகமும் மாறுகிறது. ஆனால் ராகத்தின் பாவத்துக்கு ஏற்ப மாறவில்லை, அதுதான் விசேஷம். சாமானிய நடிகர் தோடிக்கு உருகியிருப்பார். பாலையா தோடிக்கு உருகவில்லை. “தோடி பாடுகிறேன், கவனித்தீர்களா?” என்று சபையைப் பார்க்கிறார். ராகத்தில் கரைந்த முகம் கிடையாது. ராகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறவனின் முகம். இந்த முகத்தை நான் நேரில் எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறேன். யார் என்று சொல்ல மாட்டேன்.

பெரியப்பா இந்தப் பாட்டுக்குத்தான் முதன்முதலாகத் தன் விதியை மீறி முகத்தைப் பார்த்தார். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆள், கானடா வரும் இடத்தில் கரண்ட் போய்விட்டது. எல்லாரும் “ச்சே” என்று எழுந்து வெளியே போனார்கள். இருட்டில் பெரியப்பா மட்டும் உட்கார்ந்தபடியே, “இவன் யார்கிட்டடா பாட்டு கத்துக்கிட்டான்?” என்றார்.

“பாடுறது பாலமுரளி, பெரியப்பா.”

“அது எனக்குத் தெரியாதா? நான் இவனைக் கேக்குறேன்.”

கரண்ட் திரும்ப வந்தபோது மகாலிங்கம் சொக்கநாதர் சன்னதியில் அழுதுகொண்டிருந்தார்.

அந்தப் பகுதியின் இன்னொரு பாட்டு ‘பாட்டும் நானே’. ஐந்து சிவாஜிகள். ஒருவர் பாட, ஒருவர் வீணை, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மிருதங்கம், ஒருவர் வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோல். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இப்படி எடுப்பதென்றால் லென்ஸின் ஒரு பகுதியை மூடிவைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து மறுபடி எடுப்பதுதான் வழக்கம். கேமரா கே.எஸ். பிரசாத். கேமரா இம்மி அசைந்தாலும் இரண்டு சிவாஜிகளுக்கு நடுவில் கோடு விழுந்துவிடும். மிருதங்க சிவாஜியை நான் எட்டாம் வகுப்புக் கண்ணால் எத்தனையோ தடவை சோதித்திருக்கிறேன். தொப்பிப் பக்கம் கொஞ்சம் சந்தேகம். வலந்தலை, அதாவது வலது பக்கம், பரவாயில்லை. தோள் மட்டும் முதல் தரம். மிருதங்கக்காரனுக்குத் தோள் எப்போது ஏறும் என்று இவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது யாரும் சொல்லாமலே கண்ணால் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பாட்டைப் பற்றி ஒரு துணுக்கு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது விறகு விற்ற படலம். அதில் சிவன் பாடுவது சாதாரிப் பண். இன்று பந்துவராளி என்று நாம் சொல்வது அதைத்தான் என்பார்கள். படத்துக்கு இசையமைத்த கே.வி. மகாதேவன் அதை விட்டுவிட்டுக் கௌரி மனோகரியில் போட்டார். பாடுகிறவர் கௌரியின் புருஷன் ஆயிற்றே! சிரித்துக்கொண்டேதான் அந்த ராகத்தை எடுத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். மூன்று வருடம் கழித்து ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில், நாகஸ்வர வித்வான் சண்முகசுந்தரம் (சிவாஜி) தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்க்க, நாட்டியக்காரி மோகனா ஆடும் பாட்டுக்கு அவர் எடுத்த ராகம் சண்முகப்பிரியா. அப்போது சந்தேகம் போய்விட்டது.

‘தில்லானா’ என்றதும் நாகஸ்வரம். அதற்கு முன்னால் ஒரு நாகஸ்வரம் உண்டு, 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’. ‘சிங்கார வேலனே தேவா’. எஸ். ஜானகியின் குரல், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. ஆபேரி ராகத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்ததில்லை. நாகஸ்வரம் எதையும் அமுக்கிவிடும் வாத்தியம். அதன் பக்கத்தில் மனிதக் குரல் நிற்பதே கஷ்டம், ஜானகியின் குரல் நிற்பது மட்டுமில்லை, சமமாக ஓடுகிறது. ஸ்வரம் மாறி மாறிப் போகும் இடத்தில் எது குரல், எது குழல் என்று ஒரு கணம் காது தடுமாறும். காருகுறிச்சியார் அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1964இல், காலமாகிவிட்டார். அவர் வாசிப்பு பட்டிதொட்டி எல்லாம் போய்ச் சேர்ந்தது இந்த ஒரு பாட்டால். திரையில் வாசிப்பவர் ஜெமினி கணேசன். அழகான மனிதர். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. பெரியப்பா சொன்னதை எழுதினால் ஜெமினி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். சாவித்திரி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு போய்விடும்.

ஊதும் வாத்தியத்தில் ஏமாற்றுவது மிகவும் கஷ்டம் என்பது பெரியப்பா கட்சி. வீணையிலாவது விரல் தெரிகிறது, கொஞ்சம் முன்பின் போனால் மன்னிக்கலாம். நாகஸ்வரத்தில் மூச்சு தெரிந்துவிடும். ஊதும் முனையில் இருக்கும் சீவாளியை உதட்டில் சும்மா வைத்திருக்கிறவனுக்கும் உள்ளே காற்றை அனுப்புகிறவனுக்கும் கழுத்தில் வித்தியாசம் இருக்கும். பெரிய ஊதுகுழல், ஏழு துளைகளை விரல் பார்த்துக்கொள்ளும், மற்றதை எல்லாம் வயிறுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘தில்லானா’வில் உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த மூச்சை சிவாஜி தன் கழுத்து நரம்பில் வாங்கிக் காட்டினார். நீண்ட பிடி ஒன்று முடிந்ததும் குழலை வாயிலிருந்து எடுக்காமலே கண்ணால் மட்டும் மூச்சு விடுவார். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் வேறு எழுத வேண்டாம்.

நான் எழுத வேண்டியது அவருக்குப் பக்கத்தில் தவிலோடு நிற்கிறவரைப் பற்றி. முத்துராக்கு. பாலையாவின் இரண்டாவது கச்சேரி.

ஹேமநாத பாகவதர் சபையை ஆள்கிறவர். முத்துராக்கு அப்படி இல்லை. அவருக்கு முன்னால் சிக்கிலார் என்கிற சண்முகசுந்தரம் இருக்கிறார், வயதில் சின்னவர், கோபக்காரர், மேதை. தவில்காரரின் வேலை அந்த மேதையைத் தாங்குவது. கச்சேரியிலும் சரி, ரயில் பெட்டியிலும் சரி. அதே நடிகர், மூன்றே வருட இடைவெளி, உடம்பு முழுக்க வேறாக இருக்கிறது. பாகவதரின் உடம்பு பின்னால் சாய்ந்து நம்மைக் கீழே பார்க்கும். முத்துராக்கின் உடம்பு எப்போதும் முன்னால் சாய்ந்திருக்கும். காது நாகஸ்வரத்தின் பக்கம். அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருக்கும் உடம்பு அது.

தவில் லேசான வேலை இல்லை. ஒரு பக்கம் கழியால் அடிக்க வேண்டும், மறு பக்கம் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். துணியும் பசையும் சேர்த்து இறுக்கிக் காயவைத்த கூடு, கல் மாதிரி இருக்கும். தோளில் தொங்கும் கனம் வேறு. நாள் முழுக்கக் கோயில் வீதியில் அதைச் சுமந்து நடக்கிறவர்களின் நிற்கும் விதமே தனி. இடுப்பு ஒரு பக்கம் போயிருக்கும். பாலையா அந்த இடுப்போடு நிற்கிறார். கையைப் பற்றிப் பெரியப்பா சொன்னது: “கைக்கு இன்னும் ஆறு மாசம் ஆகும். கழுத்து முதல் நாளே வந்துருச்சு.”

கழுத்து என்று அவர் சொன்னது தவில்காரர்களின் ஒரு பழக்கத்தை. கணக்கு ஒன்றைத் தொடங்கி, எங்கெங்கோ சுற்றி, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் தலையைச் சட்டென்று திருப்பி நாகஸ்வரக்காரரைப் பார்ப்பார்கள். வந்துவிட்டேன், நீ எடு என்று அர்த்தம். நான் மேடையில் உட்கார்ந்ததே மொத்தம் மூன்று தடவை, அதுவும் பிள்ளையார் சதுர்த்திக்கு. அந்த மூன்று தடவையும் சமத்துக்குச் சரியாக வந்தேனா என்பதைவிட, வந்ததும் பாடகரைப் பார்க்கத் துணிவு வரவில்லை என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. தரையைப் பார்த்தேன். பார்த்தாயா, வந்துவிட்டேன் என்று திரும்புவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பாலையா திரும்புகிறார்.

‘நலந்தானா’ பாட்டில் இன்னும் ஒன்று செய்கிறார். மோகனா பாட்டிலேயே சண்முகசுந்தரத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். அவர் வாத்தியத்திலேயே பதில் சொல்கிறார். இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் பேச்சு அது, ஆயிரம் பேர் எதிரில். இதைப் புரிந்துகொண்டும் புரியாத மாதிரி வாசித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஆள் முத்துராக்கு. வீட்டுப் பெரியவர்கள் சின்னஞ்சிறுசுகள் பேசும்போது பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி தவிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். 1972இல் வந்த ‘தெய்வம்’. அதில் மதுரை சோமு மதுரை சோமுவாகவே வந்து ‘மருதமலை மாமணியே’ பாடுகிறார். குன்னக்குடி வைத்தியநாதன் இசை, தர்பாரி கானடா. சோமு எதையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. குங்குமம், கோணும் வாய், காற்றில் பறக்கும் கை, எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்து கேமரா முன்னால் கொட்டிவிட்டார். வித்வான்கள் திரையில் விறைத்துப்போவார்கள் என்ற என் கொள்கை இந்த ஒரு பாட்டில் சுக்குநூறாகிறது. யாரும் ராஜா வேஷம் போடச் சொல்லாமல், பாட்டு பாடும் மனிதராகவே உட்கார வைத்திருந்தால் ஜி.என்.பி.யும் இப்படித்தான் இருந்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன். அந்த மாதிரி எடுக்கத் தமிழ் சினிமாவுக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. பாலையா அந்த வருடம்தான் காலமானார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு. காது ஏறக்குறைய போய்விட்டது. மிஷின் வைத்துக்கொண்டால் பாட்டு தகரம் தட்டுகிற மாதிரி கேட்கிறது என்று கழற்றிவிடுகிறார். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா இருக்கட்டும் என்று போனில் ‘நலந்தானா’வைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். சத்தம் அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். போனை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இடது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. நான் பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தேன். சில இடத்தில் சரியாக விழுந்தது, சில இடத்தில் இல்லை.

பாட்டு முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“பாலையாவையே பாத்துக்கிட்டு இருக்கே இத்தனை வருஷமா. பக்கத்துல இன்னொரு தவில் நிக்குதே, அந்த ஆளு கையைப் பாத்தியா?”

பார்த்ததில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டேன்.